தாய்மாமன் வரவில்லை

கடலூரில் ஒரு கல்வி அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். வீடு சிதம்பரத்தில். காலையில் ஒன்றேகால் மணி நேரம், மாலையில் ஒன்றேகால் மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து படித்துத்தான் நான் படித்தவன் ஆனேன். இடையில் அலுவலகம் என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நிறைய படித்திருப்பேன்.

என் மேசைக்கு வருபவை முக்கியமாக இரண்டு பட்டியல்கள். ஒன்று, பள்ளிப் பக்கமே வராத பிள்ளைகள். இன்னொன்று, வயது மீறித் தொடக்கப் பள்ளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். முதலாவதில் இருப்பவன்தான் சில ஆண்டுகள் கழித்து இரண்டாவதில் வந்து சேருவான். இரண்டிலும் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. வறுமை, இடம்பெயர்வு, உடல்நலம், தூரம் என ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எதிலும் சேராததற்குக் கடைசி எண், அதன் பெயர் ‘இதர’. உலகத்தில் எத்தனையோ நாடுகளில் மீசை முளைத்த பையன்கள் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். அங்கெல்லாம் காரணம் போர், பஞ்சம், மேய்க்க வேண்டிய மாடுகள், பாலம் இல்லாத ஆறு. காரணம் என்றால் அதற்கொரு கனம் வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய மே மாதம், ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு எங்கள் பிரிவுக்கு வந்தது. கண்காணிப்பாளருக்குச் சுவாரசியமான குறிப்புகளை உரக்கப் படிக்கும் பழக்கம் உண்டு. மே மாத வெயிலில் எங்களுக்கு வேறு பொழுதுபோக்கும் இல்லை.

“குடிகாடு. ஆம்பளப் பையன். ஒம்போது வயசு. ஸ்கூல்ல சேத்ததே இல்ல. காரணம், இதர. குறிப்பு...” கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். “‘தாய்மாமன் வரவில்லை.’ யோவ், இதுக்கு என்னய்யா நம்பர் போடுறது?”

பிரிவே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் ஜாஸ்தியாகவே.

“அந்த மாமன் அப்படி எங்கய்யா போய்த் தொலைஞ்சான்?” என்றார்.

“தெரியலங்க சார்” என்றேன், அவருக்கு மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

பையன் என் தங்கை மகன். நான் தொலைந்துபோன கதை இதுதான்.

தங்கை கணவர் ரசாயனத் தொழிற்சாலைகளில் ஒப்பந்தத்துக்குக் குழாய் பொருத்தும் ஃபிட்டர். அவர் குடும்பத்தில் ஒரு வழக்கம். குலதெய்வக் கோயிலில் முடி இறக்கி, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்திய பிறகுதான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவார்கள். அவருடைய சின்னத் தாத்தா ஒருவர் காது குத்தாமல் பள்ளிக்குப் போய், இரண்டாம் நாளே சுவரிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டாராம். காது குத்தியிருந்தால் சுவரே ஏறியிருக்க மாட்டார் என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை.

பையனுக்கு ஐந்து வயதானபோது நாள் குறித்தார்கள். கோயில் பண்ருட்டிப் பக்கம், திருவதிகையைத் தாண்டிச் சில கிலோமீட்டர். சீர்வரிசைத் தட்டுகள், பட்டுச் சட்டை, ஒரு ஜோடித் தங்கக் கடுக்கன் சகிதம் நானும் மனைவியும் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தோம். கோயிலுக்குத் திரும்பும் முக்கில் ஃபிளெக்ஸ் பேனர் நின்றது. நடுவில் கிரீடம் வைத்த பையன். அவனுக்கு வலப்பக்கம், தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில், எங்கள் பெரியப்பா மகன் இரண்டடி உயரத்துக்குக் கைகூப்பிக்கொண்டிருந்தான். அவன் முன்னாள் கவுன்சிலர். கையைக் கூப்பிய நிலையிலேயே பிறந்தவன் மாதிரி இருப்பான். என்னைத் தேடினேன். கடைசி வரிசையில், சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் பக்கத்தில், தீப்பெட்டி அளவில் இருந்தேன். அதுவும் வாக்காளர் அட்டையில் இருக்கும் படம். காவல் நிலையத்தில் ஒட்டுவதற்கு எடுத்ததைப் போல இருப்பேன்.

பேருந்தில் பெரிய பெரிய நாவல்களாகப் படித்து, மனித அகங்காரத்தின் சிறுமையைப் பற்றி ஓரங்களில் பென்சிலால் குறிப்பெழுதுகிறவன் நான். “ஆட்டோவத் திருப்புப்பா” என்றேன்.

“என்னங்க, தட்டையாவது குடுத்துட்டு...” என்றாள் மனைவி.

“அந்த ரெண்டடிக்காரன் குடுப்பான்.”

பண்ருட்டியிலிருந்து வடலூர் வழியாகச் சிதம்பரம் வரை, பட்டுப் புடவையில், மடியில் தேங்காய்த் தட்டோடு அவள் பேருந்தில் வந்தாள். “எங்கம்மா விசேஷம்?” என்று மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேரிடமும் “முடிஞ்சிருச்சு” என்றாள்.

அங்கே பையனுக்கு மொட்டை அடித்தாகிவிட்டது. ஊசியோடு பத்தர் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா மகன் மடியைக் காட்டினானாம். தங்கை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: “எங் கூடப் பொறந்தவன் மடியிலதான்.” என் பக்கம் நிற்பதாக நினைத்துத்தான் சொன்னாள். பையன் நான்கு ஆண்டுகள் வீட்டில் உட்கார்ந்தது அந்த வார்த்தையால்தான்.

மச்சான் வந்து கூப்பிட்டால் போகலாம் என்று நான் இருந்தேன். மச்சான் வந்து கேட்டால் சொல்லலாம் என்று அவர் இருந்தார். அடுத்த ஆண்டு உலகமே பள்ளிகளைப் பூட்டியது. எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. இரண்டு ஆண்டுகள் எல்லாப் பிள்ளைகளும் என் மருமகனைப் போலவே இருந்தார்கள். திறந்த பிறகு மச்சானின் சித்தப்பா இறந்து, ஓராண்டுக்கு விசேஷம் இல்லை என்றானது. வீட்டுக்கு வந்து கேட்ட ஆசிரியர்களிடம் “அடுத்த மாசம் காது குத்து” என்றே சொல்லியிருக்கிறார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. எந்த மாதத்துக்கும் ஓர் அடுத்த மாதம் உண்டு.

இதில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். குடிகாடு, சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற சாலையில்தான் இருக்கிறது. நான்கு ஆண்டுகள், பேருந்து ஓடிய நாளெல்லாம் இரண்டு முறை, என் தங்கை வீட்டுத் தெருமுனையை என் பேருந்து தாண்டியது. அந்தத் தெரு கண்ணில் படாதபடி, போகும்போது ஒரு பக்க இருக்கையிலும் வரும்போது எதிர்ப்பக்க இருக்கையிலும் இடம்பிடித்து உட்காருவேன். படிப்பதற்கு வெளிச்சம் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

கண்காணிப்பாளர் குறிப்பைப் படித்த அன்று மாலை குடிகாட்டில் இறங்கினேன்.

தங்கை வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நின்றாள். மச்சான் உள்ளேயிருந்து வந்தார். “வா மச்சான்” என்றார், நேற்றுப் பார்த்தவனைக் கூப்பிடுவதுபோல. அவருக்குப் பின்னால் ஒரு பையன். என் மார்பு உயரம் இருந்தான்.

“இவுரு பேனர் மாமாவாம்மா?” என்றான்.

வீட்டின் பக்கவாட்டில் இரண்டு ஆடுகளுக்குக் கொட்டகை போட்டிருந்தார்கள். பையன் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், குனிந்து மேலே பார்க்கச் சொன்னான். கூரை ஃபிளெக்ஸ் துணி. அதன் உட்பக்கத்தில் நான் இருந்தேன். தனியாக. பத்தடிக்குக் குறையாது. ஏதோ கல்யாணத்தில் எடுத்த நல்ல படம், சிரித்த முகம். ‘எங்கள் இல்லச் செல்வனுக்கு மடி கொடுக்க வரும் தாய்மாமன் அவர்களே வருக வருக.’ ‘வருக’ இருந்த இடத்தை ஒரு ஆடு கொம்பால் கொஞ்சம் கிழித்திருந்தது.

“இது எப்ப அடிச்சது?” என்றேன்.

“அன்னைக்கேதான். கோயில் வாசல்ல கட்டியிருந்தேன்” என்றார் மச்சான். “முக்குல வெச்சது ஊருக்கு. வாசல்ல வெச்சது ஒனக்கு. ஒரு நூறடி நடந்து வந்திருந்தா பாத்திருப்ப.”

“சொல்லலாம்ல?”

“நீ கேக்கலாம்ல?”

“நாலு வருஷமாய்யா?”

“நாலு வருஷமா ஒன் மூஞ்சியத்தான் தெனம் பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியல.”

தங்கை ஒருமுறை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரெண்டு பேரும் நல்லா இருங்க” என்று சொல்லிவிட்டு மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாப்பாடு போட்டாள். பேசவில்லை.

அந்த மாதக் கடைசியிலேயே கோயிலில் நாள் குறித்தோம். மறுபடி மொட்டை. பேனர் வைக்கவில்லை. பத்தர் அதே பத்தர்தான். பையன் என் மடியில் உட்கார்ந்தபோது அவன் கால் இரண்டும் தரையில் நன்றாக ஊன்றியிருந்தன. “யார் மடியில யாரு உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் அவர் ஊசியை எடுத்தார். பிள்ளை அழ வேண்டும், மாமன் வாழைப்பழம் ஊட்ட வேண்டும் என்பது முறை. அவன் அழவில்லை. பழத்தை வாங்கி அவனே உரித்துச் சாப்பிட்டான். பாதிப் பழத்தில் திரும்பிக் கேட்டான்:

“மாமா, இதுக்குத்தான் நான் வூட்ல இருந்தேனா?”

“ஆமாப்பா.”

“ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருச்சே.”

ஜூன் மாதம் பள்ளியில் சேர்க்கப் போனோம். ஊர்த் தொடக்கப் பள்ளி, இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள், இரண்டு அறைகள். வகுப்பு என்பது அங்கே ஒரு பாய். ஒன்றாம் வகுப்புப் பாய், இரண்டாம் வகுப்புப் பாய் என்று தரையில் விரித்திருப்பார்கள். தலைமையாசிரியை என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“அந்தக் குறிப்ப நான்தான் சார் எழுதினேன். நீங்கதான் அந்த மாமான்னு அப்பத் தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா?”

சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தார். “பேரையும் எழுதியிருப்பேன் சார்.”

பையனுக்கு ஒன்பது வயது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது விதி. அதாவது ஐந்தாம் வகுப்பு. மச்சானுக்கு அது பிடிபடவில்லை.

“ஒண்ணுல போடுங்க டீச்சர். கீழ பைப்பே மாட்டாம மேல வால்வு மாட்டச் சொல்றீங்களே? தண்ணி எங்கேர்ந்து வரும்?”

“ஒண்ணுன்னு போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காதுங்க.”

“மச்சான், நீ ஆபீஸ்லதான இருக்க. சொல்லு.”

நான் மின்விசிறியைப் பார்த்தேன். குழாய்க்காரர் சொல்வது சரி. விதி சொல்வதும் ஒரு வகையில் சரிதான். ஒன்றில் சேர்த்தால் ஐந்தாவது முடிக்கும்போது பையனுக்குப் பதினாலு. ஐந்தில் சேர்த்தாலோ, இந்தப் பள்ளியில் அவனுக்கு ஒரே ஓர் ஆண்டு. அடுத்த ஜூனில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அதற்குள் எழுத்துக்கூட்டியாவது படிக்கத் தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் அங்கே ஆறு மாதம் வாய் மூடி உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஏதாவது வேலைக்குப் போகிறேன் என்று நின்றுவிடுவான். அப்படி நின்றவர்களின் பட்டியலும் வேறொரு நாற்காலிக்கு வருகிறது. அந்த நாற்காலிக்காரர் என்னோடுதான் டீ குடிப்பார்.

“பதிவு அஞ்சுதான் மச்சான்” என்றேன். அவர் முகம் மாறியது. இன்னொரு நான்கு ஆண்டு தொடங்கப் போகிறது என்று நினைத்தேன்.

தலைமையாசிரியைதான் காப்பாற்றினார். “பதிவு அஞ்சாவே இருக்கட்டும். எந்தப் பாயில உக்காரணும்னு கம்ப்யூட்டர் கேக்காது. டேய் தம்பி, எங்க உக்காருற?”

ஐந்தாம் வகுப்புப் பாயில் அவனோடு தெருவில் கிரிக்கெட் ஆடும் மூன்று பேர் இருந்தார்கள். “வாடா, இங்க வாடா” என்று இடம்விட்டு நகர்ந்தார்கள். அவன் அவர்களைத் தாண்டிப் போய் ஒன்றாம் வகுப்புப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். மூக்கொழுகும் ஆறு பேருக்குப் பக்கத்தில் மொட்டைத் தலையும் கடுக்கனுமாக, ஏதோ மடத்திலிருந்து வந்தவன் மாதிரி இருந்தான்.

வாசலில் வைத்துக் கேட்டேன், ஏன் அங்கே என்று.

“அங்கதான் மாமா எவனுக்கும் ஒண்ணும் தெரியாது.”

அந்த ஆண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது குடிகாட்டில் இறங்கிவிடுவேன். தங்கை ஆடி மாதத்தில் பேச ஆரம்பித்தாள். பையனைப் பற்றிய செய்திகள் அவள் மூலமாகத்தான் வரும். கைகளை ஆட்டிப் பாடும் பாட்டுக்கு இவனும் ஆட வேண்டியிருந்தது. முட்டை நாளில் பாத்திரம் தூக்க இவனைத்தான் கூப்பிட்டார்கள். புதிதாக வந்த ஒரு பெற்றோர் இவனிடம் “அண்ணே, எம் புள்ள சாப்டுச்சா?” என்று கேட்டாராம். ஆனால் அவனுக்கு வாய்த்த உண்மையான வாத்தியார் அதே பாயில் இருந்த ஐந்து வயதுப் பெண் ஒருத்தி. “அந்த எழுத்துக்கு மூக்கு இப்படி வராது, அழிச்சுட்டு எழுது” என்று சிலேட்டைப் பிடுங்குவாளாம். “டீச்சர் பரவால்ல மாமா, அது அடிக்குது” என்று என்னிடமே புகார் செய்தான். மார்கழியில் ஒருநாள் இரண்டாம் வகுப்புப் பாய்க்கு நகர்ந்தான். உத்தரவு எதுவும் இல்லை. பை இருந்த இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

இடையில் என் இரண்டாவது பட்டியல் வந்தது. அந்தப் பள்ளிக்கு நேரே வயது மீறியோர்: இல்லை. ஒன்பது வயது, ஐந்தாம் வகுப்பு, எல்லாம் பொருந்துகிறது. பக்கத்துப் பள்ளிகளிலும் இல்லை. உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் வயது மீறிய பையன்கள் எங்கள் பக்கம் ஒருவர்கூட இல்லை என்று அடியில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அன்று காலையில்தான் அவன் நான்கு அடி உயரத்தில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை விரல்வைத்துக் கூட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

ஏப்ரல் கடைசியில் தலைமையாசிரியை ஒரு மதிய இடைவேளை முழுக்க அவனைப் பக்கத்தில் நிறுத்தி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் கடைசிப் பாடம். மணி அடிக்கும்போது முடித்தானாம். மாற்றுச் சான்றிதழ் வாங்க நானும் மச்சானும் போயிருந்தோம். தலைமையாசிரியை அலமாரியைத் திறந்து மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்தார்.

“ரெண்டு முடிச்சிட்டான். மிச்சத்த அங்க போய் முடிக்கட்டும். வேற வழி தெரியல சார்.”

பையன் சான்றிதழையே பார்த்துக்கொண்டிருந்தான். “டீச்சர், அதுங்கல்லாம் ரெண்டாவது போவுது. நான் ஆறாவதா?”

“ஆமா.”

“அப்ப நான்தான் ஜாஸ்தி பாஸ்.”

ஜூனில் ஆறாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போடும்போது மூன்றாம் வகுப்புத் தமிழுக்கும் போட்டிருக்கிறான். மேலே சீட்டு ஒட்டி, அவன் கையாலேயே ‘ஆறாம் வகுப்பு’ என்று எழுதியிருக்கிறான். தங்கை கவனித்தும் கேட்கவில்லை. ஆகஸ்டில் மச்சானிடமிருந்து அலுவலகத்துக்கே போன் வந்தது.

“மச்சான், டீச்சர் புடிச்சிட்டாங்க. க்ளாஸ்ல இவன் மட்டும் வேற பக்கம் திருப்புறானேன்னு வாங்கிப் பாத்திருக்காங்க.”

“என்ன சொன்னாங்களாம்?”

“மொதல்ல மேல ஒட்டியிருந்த சீட்டப் படிச்சாங்களாம். பொறவு எத்தனாம் பக்கம்னு கேட்டாங்களாம். இருவத்தி மூணுன்னானாம். சரி, இத முடிச்சிட்டு சொல்லு, நாலாவது எங்கிட்டயும் ஒண்ணு இருக்குன்னாங்களாம்.”

“பசங்க?”

“சிரிச்சானுங்களாம். ஒருத்தன ஒதச்சிருக்கான். அதுக்கு நாளைக்கு நான் போயி நிக்கணும்.” அவர் குரலில் வருத்தம் எதுவும் தெரியவில்லை.

இப்போது அவன் ஏழாம் வகுப்பு. அட்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பது ஐந்தாம் வகுப்புப் புத்தகம். ஆங்கிலம் இன்னும் தொடங்கவே இல்லை. கணக்கில் அப்பாவின் குழாய் அளவுகள் கொஞ்சம் உதவுகின்றன. அப்பாவிடமும் அம்மாவிடமும் உரக்க வாசித்துக் காட்டுவான், என்னிடம் இதுவரை வாசித்ததில்லை. சென்ற வெள்ளிக்கிழமை மாலை இறங்கியபோது நானே கேட்டேன்.

“இருங்க மாமா. இந்தப் பாடத்த ஒரு தடவ தனியாப் பாத்துக்கிறேன்” என்று ஆட்டுக்கொட்டகைப் பக்கம் போனான். உதடு அசைவது தெரிந்தது. நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். தங்கை இரண்டு முறை டீ கொடுத்தாள். ஆறரைப் பேருந்து வரும் சத்தம் கேட்டது. “கெளம்புறியா?” என்றார் மச்சான். பையன் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்தினான், இன்னும் ஒரு பக்கம் என்பதுபோல. அடுத்த பேருந்தில் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினேன்.